பொதுப்பணமும் கள்ளாமை அணுவிரதமும்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவதாகிய கள்ளாமையைக் குறித்து இவ்விதழில் சிந்திக்க முற்படுகின்றோம்.

கள்ளாமை என்றதும், "இது நமக்கு எளிதில் கைகூடிய விரதமாயிற்றே! நம்மில் யார் பிறர் வீட்டுப் பூட்டை உடைக்கின்றார்? யார் வழிப்பறி செய்கின்றார்?" என்று பலரும் எண்ணுவர். ஆனால் நம் ஆகமங்கள் களவுக்குத் தரும் பெயரை ஒருகணம் உற்று நோக்குக. அதத்தாதானம் என்பது அப்பெயர். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. அதத்தம் என்றால் கொடுக்கப்படாதது. கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு. பூட்டு உடைந்ததா, இருளில் நடந்ததா, உரியவன் அழுதானா என்பனவெல்லாம் பின்னர் எழும் வினாக்கள். "இப்பொருள் எனக்குக் கொடுக்கப்பட்டதா?" என்பதே முதல் வினா.

இவ்வினாவைப் பொதுப்பணத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

ஓர் ஊராட்சியின் கணக்கில் உள்ள பணம் எங்கிருந்து வந்தது? வீட்டு வரியாகவும் குடிநீர்க் கட்டணமாகவும் ஊரார் செலுத்தியது ஒரு பகுதி. மத்திய, மாநில நிதிக்குழுக்களின் பரிந்துரையால் வரும் மானியம் மற்றொரு பகுதி. அம்மானியமும் வானத்திலிருந்து பொழிந்ததன்று. நாள் முழுதும் களை பறித்துக் கூலி பெறும் ஓர் அம்மையார், மாலையில் கடைக்குச் சென்று வாங்கும் ஒரு சோப்புக் கட்டியின் விலையிலும் வரி அடங்கியிருக்கின்றது. அவர் அதை அறியார், எனினும் கொடுக்கின்றார். எதற்காகக் கொடுக்கின்றார்? சாலைக்காக, குடிநீருக்காக, பள்ளிக்காக, மருத்துவத்திற்காக. தலைவரின் மகன் திருமணத்திற்காக அவர் கொடுக்கவில்லை. ஆகவே அவ்வழியில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் அதத்தமே. அதைக் கொள்வது அதத்தாதானமே.

தனி ஒருவனிடம் திருடியவன், மனம் திருந்தினால் அவனைத் தேடிச் சென்று பொருளைத் திருப்பித் தரலாம். அவன் காலில் விழுந்து பொறுத்தருள வேண்டலாம். பொதுப்பணத்தைத் திருடியவன் யாரிடம் செல்வான்? எத்தனை ஆயிரம் வாயில்களில் நின்று மன்னிப்புக் கேட்பான்? இவ்வினையின் கனம் இதனாலேயே மிகுகின்றது.

கள்ளாமை விரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கின்றது. களவைத் தூண்டுதல், களவுப்பொருளைக் கொள்ளுதல், அரசின் நெறிமுறையை மீறுதல், அளவையைக் கூட்டியும் குறைத்தும் வழங்குதல், நல்லதுபோல் தோன்றும் போலியைக் கலத்தல் என்பன அவை. வணிகர்களுக்கென்று சொன்னவைபோல் இவை தோன்றும். ஆயினும் இன்று ஓர் ஊரில் சிமெண்டுச் சாலை போடும் இடத்தில் நின்று பார்த்தால், ஐந்தும் ஒரே இடத்தில் கூடக் காணலாம்.

"பணியை உமக்கே தருகின்றேன், இத்தனை சதவீதம் என் வீடு வந்து சேரவேண்டும்" என்று ஒப்பந்தக்காரரிடம் ஒரு தலைவர் சொன்னால், அது களவைத் தூண்டுதல். அவர் தம் கையால் எதையும் எடுக்கவில்லை. ஆயினும் ஒப்பந்தக்காரர் தம் சொந்தப் பணத்திலிருந்தா அதைக் கொடுப்பார்? சாலையின் கனத்திலிருந்தல்லவா எடுப்பார்? அப்பணத்தில் வாங்கிய நகையை, எங்கிருந்து வந்தது என அறிந்தும் அணியும் மனைவியும், வண்டியை ஓட்டும் மகனும் களவுப்பொருளைக் கொள்வோராகின்றனர். ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டிய பணியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, வேண்டியவர்க்கே வழங்குவது நெறிமுறையை மீறுதல். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று தமிழகத்தில் 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எம்-புக் என்று அலுவலகங்களில் வழங்கும் அளவேட்டில், ஆறு அங்குலக் கனம் என எழுதிவிட்டுத் தரையில் நான்கு அங்குலம் போடுவது பொய்யளவை. சிமெண்டைக் குறைத்து மணலைப் பெருக்கி, மேலே பளபளவென்று பூசுவது போலியைக் கலத்தல். முதல் மழையில் அச்சாலை தன் உண்மையைத் தானே உரைத்துவிடும்.

இவ்விடத்தில் வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணத்தில் வரும் சத்தியகோடன் வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது. சீயபுரத்து அரசனாகிய சிம்மசேனனுக்கு அமைச்சன் ஒருவன் இருந்தான். பொய்யே புகலாதவன் என்று ஊர் நம்பியதால் சத்தியகோடன் என்னும் பெயர் பெற்றான். பத்திரமித்திரன் என்னும் வணிகன் அப்பெயரை நம்பித் தன் மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்தான். மீண்டு வந்து கேட்டபோது, "நீ யார்? எந்த மணி?" என்றான் அமைச்சன். வணிகன் பித்தன் என ஊராரால் எள்ளப்பட்டான். ஆயினும் அவன் ஓயவில்லை. நாள்தோறும் மரத்தின்மேல் ஏறி, தன் பொருளை அமைச்சன் கவர்ந்தான் என்று உரக்கக் கூவினான்.

அக்குரலைக் காதில் வாங்கியவள் அரசி இராமதத்தை. "பித்தன் நாள்தோறும் ஒன்றையே சொல்வானோ?" என ஐயுற்ற அவள், அமைச்சனோடு சூதாடி, அவனுடைய முத்திரை மோதிரத்தையும் பூணூலையும் வென்றாள். அவற்றை அடையாளமாகக் காட்டச் செய்து, அவன் வீட்டிலிருந்து மணிகளை வருவித்தாள். அரசன் அம்மணிகளோடு தன் கருவூல மணிகளையும் கலந்து வைத்து, "உன்னுடையதை எடுத்துக்கொள்" என்றான். வணிகன் தன்னுடையவற்றை மட்டும் எடுத்தான். அரசனின் மணிகளுள் ஒன்றையும் தொடவில்லை. அமைச்சன் தண்டனைக்குள்ளாகிப் பகை நெஞ்சோடு இறந்தான். அரசனின் கருவூலத்திலேயே பாம்பாகப் பிறந்தான்.

இவ்வரலாற்றை மாணவப் பருவத்தில் கேட்டபோது, பாம்பைக் கண்டே நாம் அஞ்சினோம். முதுமையில் எண்ணிப் பார்க்கும்போது வேறு மூன்று செய்திகள் புலப்படுகின்றன. ஒன்று, பதவியும் நற்பெயரும் எவருக்கும் சான்றாகா, கணக்கே சான்று. இரண்டு, மரத்தின்மேல் நின்று கூவுபவனைப் பித்தன் என்று ஊர் சொல்லும். அதற்காக அவன் கூவுதலை நிறுத்தலாகாது. மூன்று, கூவியவனும் தூயவனாக இருந்தான். கலந்து வைத்த குவியலிலிருந்து தன்னுடையதை மட்டும் எடுத்தான். பிறர் கணக்கைக் கேட்கும் உரிமை, தன் கை தூயதாக உள்ளவனுக்கே முழுமையாக வாய்க்கின்றது.

கணக்குக் கேட்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, இன்றும் உள்ளன. குடவோலை முறையைக் கூறும் அவற்றை நாம் வகுப்பறையில் பலமுறை கற்பித்திருக்கின்றோம். நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபையில் இடமிருந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதிலுள்ள ஒரு விதி போற்றத்தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரை மீண்டும் குடத்தில் இடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. களவுப்பொருளைக் கொள்ளும் குற்றத்தை உறவினர்வரை நீட்டிப் பார்த்த நுண்ணறிவு அது.

சோழர் காலத்தில் கோயில் விளக்குக்காக ஆடுகளை அறமாக விடுவர். ஒரு நந்தா விளக்குக்குப் பல இடங்களில் 96 ஆடுகள். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கும். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆயினும் ஏற்றுக்கொண்ட இடையன், இறந்ததற்கு ஈடாகக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காக்கக் கடமைப்பட்டவன். எண்ணிக்கை குறைந்தால் விளக்கு அணையும். ஊர்ப்பணத்தை ஏற்பவரின் நிலையும் இதுவே. அவர் ஆட்டின் உரிமையாளர் அல்லர்; விளக்கின் காவலர்.

இன்றோ காவலர் தம்மை வள்ளலாகக் கருதிக்கொள்கின்றனர். பேருந்து நிழற்குடையில் தலைவரின் பெயர், தண்ணீர்த் தொட்டியில் அவர் படம், திறப்பு விழாவில் "வாரி வழங்கிய வள்ளலே வருக" என்னும் பதாகை! நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக அது உயர்த்தப்பட்டது. அத்திட்டத்தில் உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பவரே. பணம் அவர் கைக்கு வருவதன்று. ஆயினும் "என் நிதியிலிருந்து தந்தேன்" என்று மேடையில் சொல்லக் கேட்கின்றோம்.

தானம் என்பதற்கு நம் ஆகமம் தரும் இலக்கணம் என்ன? பிறர் நலத்திற்காகத் தன்னுடைய பொருளைத் துறத்தல். தன்னுடைய என்னும் அச்சொல்லை மறந்தால் தானம் இல்லை. பிறர் பணத்தைப் பிறர்க்குக் கொடுப்பவன் கடமையைச் செய்கின்றான், அது நன்றே. ஆனால் தானப் புண்ணியம் அவனைச் சேராது. புகழ்மொழியும் அவனுக்கு உரியதன்று. புகழையும் கொடுக்கப்படாதபோது எடுத்துக்கொண்டால், அதுவும் ஒருவகை அதத்தாதானம் அன்றோ?

இதுவரை பிறரைச் சுட்டினோம். இனி நம்மைச் சுட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

வினையை மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என நம் ஆசாரியர்கள் விரித்துரைப்பர். மூன்றாவதாகிய உடன்படுதலை நாம் சிறிதாக எண்ணுகின்றோம். அதன் கனத்தை நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம்.

1999ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதி. ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் நாம் தலைமையாசிரியையாகப் பணிபுரிந்தோம். மாணவியர்க்கெனக் கழிவறை ஒன்று கட்டப்பட்டிருந்தது. சுவர் எழும்பி, கதவு பொருத்தி, வெள்ளையும் அடித்தாயிற்று. மேலே தொட்டி இல்லை, குழாயும் இல்லை. ஊர்ப் பொறுப்பில் இருந்த ஒருவர் தாளோடு வந்தார். தண்ணீர் இணைப்புடன் பணி முற்றுப்பெற்றது என்று அத்தாளில் எழுதியிருந்தது. "டீச்சரம்மா, 31ஆம் தேதிக்குள் பில் போகவில்லையென்றால் பணம் திரும்பிவிடும். குழாயை அடுத்த மாதம் போட்டுவிடுகின்றோம். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி" என்றார். மரியாதையாகவே கேட்டார். நாம் எழுதியிருந்ததைப் படித்தோம், தொட்டி இல்லாத கூரையையும் பார்த்தோம், கையெழுத்திட்டோம்.

ஒரு காசும் நாம் பெறவில்லை. அதனாலேயே நெடுநாள் நம்மைக் குற்றமற்றவராகக் கருதியிருந்தோம். அடுத்த மாதம் குழாய் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. பணி முடிந்ததாக ஏட்டில் இருப்பதால் மீண்டும் பணம் ஒதுக்க வழியில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வாறு சொல்வதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது நம் கையெழுத்தையே. தண்ணீரில்லாத அறை பூட்டப்பட்டது. எட்டாம் வகுப்பில் நன்கு படித்துவந்த இரு மாணவியர், பூப்பெய்திய பின் பள்ளிக்கு வருவதை நிறுத்தினர். ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றோம். அவள் தாயார் நம்மைக் குறை கூறவில்லை. "அங்கே பெண் பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லையே அம்மா, நான் எப்படி அனுப்புவேன்?" என்று மட்டும் கேட்டார். நமக்கு விடை தெரியும், ஆனால் நாவெழவில்லை.

அன்பர்களே, அந்தப் பணத்தை எடுத்தவர் யாரோ. எவ்வளவு எடுத்தார் என்பதும் நாம் அறியோம். ஆனால் அதை எடுக்கும் வாயிலைத் திறந்துவிட்டது நம் கை. நீரை வடிகட்டிப் பருகும் விரதத்தை நாம் அந்த ஆண்டிலும் தவறாமல் காத்தோம். நீரினுள் வாழும் நுண்ணுயிர்க்கு இரங்கிய நாம், நீரின்றிப் பள்ளியைவிட்ட இரு பெண்மக்களுக்கு இரங்கத் தவறினோம். பிராயச்சித்தத்தின் முதற்படி ஆலோசனை, அதாவது குற்றத்தை மறைக்காமல் எடுத்துரைத்தல். குருவின்முன் அதை முன்னரே உரைத்தோம். ஊரறியச் செய்த கையெழுத்தை ஊரறியவும் உரைத்தல் வேண்டும் எனக் கருதி இங்கே எழுதுகின்றோம்.

இவ்வாறே இன்னொரு வகை உடன்பாடும் உண்டு. தேர்தலுக்கு முன் இரவில், உறையில் இட்ட பணம் வீடு தேடி வருகின்றது. 2016ஆம் ஆண்டில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017இல் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019இல் வேலூரிலும் இக்காரணத்தால் தேர்தலே நிறுத்தப்பட்டது. கொடுப்பவரும் குற்றவாளி, பெறுபவரும் குற்றவாளி என்பது சட்டம். சட்டத்தைவிட நம் அறம் கூர்மையானது. கதிரவன் மறைந்தபின் ஒரு கவளமும் உண்ணாத நாம், கதிரவன் மறைந்தபின் வரும் உறையை மட்டும் பெற்றுக்கொள்ளலாமா? அன்று அதைப் பெற்றவர், மறுநாள் சாலையின் கனத்தை அளக்க எந்த முகத்தோடு செல்வார்? அப்பணம் விதை, அதை விதைத்தவர் ஐந்தாண்டுகள் அறுவடை செய்வார். அறுவடை நடப்பதும் நம் நிலத்திலேயே.

"நாம் என்ன செய்ய இயலும்? சிறு சமூகம் அல்லவா?" என்பர் சிலர். இராஜஸ்தான் மாநிலத்தில், 1990ஆம் ஆண்டு தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பினர் பெரும்பாலும் ஏழை உழைப்பாளிகள். 1994ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கோட்கிரானா என்னும் சிற்றூரில் மக்களைக் கூட்டி, அரசுப் பணிகளின் கணக்கை அவர்கள்முன் உரக்கப் படித்தனர். இத்தகைய கூட்டங்களில், கூலி பெற்றதாக எழுதியிருந்த பெயர்களுக்குரியோர் எழுந்து, தாம் அப்பணியைச் செய்யவே இல்லை என்றனர். இறந்தோர் பெயர்களும் கூலிப் பட்டியல்களில் இருந்தன. யாரையும் அடிக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. எழுதியதைப் படித்தார்கள், அவ்வளவே. 1996இல் பியாவர் நகரில் அவர்கள் 40 நாள்கள் அமர்ந்து கணக்குக் கேட்டனர். அத்தகைய முயற்சிகளின் பயனாக 2005ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம். 30 நாள்களுக்குள் விடை தரவேண்டும். கொல்லாமை நெறியில் நின்று அநீதியை எதிர்க்க இதனினும் பொருத்தமான கருவி நமக்கு வேண்டுமோ?

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு நாள்கள் கூடிவந்தது. 2022ஆம் ஆண்டு முதல் ஆறு நாள்களாயிற்று. குடியரசு நாள், மார்ச்சு 22, மே 1, விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் 1 என்பன அவை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருப்பினும் தனி அலுவலர் இருப்பினும், வரவு செலவு அங்கே ஊரார்முன் வைக்கப்பட வேண்டும். வாக்காளராகிய ஒவ்வொருவருக்கும் அங்கே இடமுண்டு. இதனையும் சுவாத்தியாயத்தின் ஒரு பகுதியாகக் கொள்க. நூலைப் படிப்பதுபோல் கணக்கைப் படிக்க. படித்தபின் நடந்துசென்று சாலையைப் பார்க்க. தொட்டியில் நீர் இருக்கின்றதா எனப் பார்க்க. கேட்கும்போது சினமின்றிக் கேட்க, இகழ்ச்சியின்றிக் கேட்க. ஆனால் விடை வரும்வரை கேட்க.

நம்முள் பதவியேற்போர் இருப்பின், அவர்களுக்கு ஒரு சொல். அருகன்முன் படைத்த பொருளை நிர்மாலியம் என்று நாம் உண்பதில்லை. பூசனை முடிந்தபின் ஓர் அரிசி மணியையும் வாயிலிடோம். பொதுவுக்கென்று வைக்கப்பட்ட பணத்தையும் நிர்மாலியமாகக் கருதுக. தொட்டுச் செலவிடலாம், உண்ணலாகாது. ஒவ்வொரு மாலையும் பிரதிக்கிரமணத்தில் அமரும்போது, "இன்று நான் கையெழுத்திட்டவற்றுள் என் கண்ணால் காணாதது எது?" என்று உங்களையே வினவுக.

நம் ஜினாலயங்களின் நிர்வாகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு வரவு செலவை எழுதி, கோயில் முன்மண்டபத்தில் யாவரும் காண ஒட்டுக. நம் இல்லத்து விளக்கை ஏற்றாமல் ஊர்விளக்கைப் பற்றிப் பேசுதல் தகாது. பத்திரமித்திரனின் குரலுக்கு வலிமை தந்தது அவன் தூய கை அன்றோ?

பணிநிறைவு பெற்ற பின், அப்பள்ளிக்கு ஒருமுறை சென்றோம். பழைய அறை இடிக்கப்பட்டு, தண்ணீர்த் தொட்டியுடன் புதியது எழுந்திருந்தது. மாணவியர் வரிசையாக நின்று கைகழுவிக்கொண்டிருந்தனர். கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் படிப்பை விட்ட அவ்விருவரும் அவ்வரிசையில் இல்லை. இன்று அவர்கள் நாற்பது வயதைத் தொட்டிருப்பார்கள். நல்ல கட்டடம் பின்னர் வரலாம். கடந்துபோன பள்ளிப் பருவம் திரும்ப வராது. பொதுப்பணத்தில் நிகழும் களவு எதைக் கவர்கின்றது என்பதை அன்று நாம் முழுமையாக உணர்ந்தோம்.

ஆகவே, அன்பர்களே, கொடுக்கப்படாததைக் கொள்ளாதிருப்போம். கொள்வார்க்குத் துணை நில்லாதிருப்போம். கொள்வதைக் கண்டும் கையெழுத்திடாதிருப்போம்.

அருகன் அறம் வாழ்க! உயிர்கள் யாவும் இனிது வாழ்க!